டோக்கனை மாட்டியவன்தான் எடுக்க வேண்டும்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டின்மேல் உட்கார மாட்டேன் என்று அடம் பிடிக்கின்றன. ஒன்று பூசணிக்காய் போல இருக்கும், அடுத்தது கடுகு போல இருக்கும். பேனாவை ஸ்பேனர் பிடிப்பது மாதிரி பிடிக்கிறேன் என்று எங்கள் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொல்கிறார். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார், எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன் என்று விரலுக்கே தெரியும். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உன் அம்மா ஒரு முறம் முருங்கைக்கீரை உருவிவிடுகிறாள். எங்கேயாவது புரியாவிட்டால் சத்தமாகப் படி. என் குரல் உனக்குத் தெரியும், அந்தக் குரலில் படித்தால் புரிந்துவிடும்.

நீ போன் செய்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. "மாசம் பொறந்ததும் மொத திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் குடுத்துடுவேன் அப்பா. இந்த டீமை என்னால மாத்த முடியல" என்றாய். நான் 'உம்' கொட்டினேன். போனில் எனக்கு வேறு எதுவும் வராது. நீ வேகமாகப் பேசுவாய், நான் ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் நீ நாலு தாண்டிவிடுவாய். எழுதும்போது அப்படி இல்லை, நான் யோசிக்கிற வரைக்கும் தாள் காத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் டீச்சர் கொரியரில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் முழுவதும் படி. பாதியில் நிறுத்தாதே.

முதலில் சந்தோஷமான சமாச்சாரம். உன் ஆப்ஜெக்ட் வித்தை எனக்குப் புரிந்துவிட்டது! பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாயே, அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. உன் ஆபீஸில் பார்சல் அனுப்பும் கம்பெனிக்கு ப்ரோக்ராம் எழுதுகிறீர்கள், சம்பந்தம் சார் என்பவர் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது இன்னும் ஓடுகிறது, அது தலையிலிருந்து கால் வரை ஒரே நீளமாக இருக்கிறது என்றாய். பார்சலின் எடை, லாரியின் நம்பர், கோடவுனில் இருக்கும் இடம் எல்லாம் திறந்துபோட்ட மாதிரி கிடக்கும், எந்த வரி வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம், ஒரு இடத்தில் கை வைத்தால் வேறு எங்கோ உடையும் என்றாய். புது முறை அப்படி இல்லை என்றாய். "பார்சல்னு ஒரு ஆப்ஜெக்ட் அப்பா. அதோட எடை அதுக்குத்தான் தெரியும். லாரின்னு ஒரு ஆப்ஜெக்ட், அதுல எவ்வளவு எடம் இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும். வேணும்னா அதுகிட்ட கேக்கணும். உள்ள கைய விட்டு எடுக்கக் கூடாது." லாரிக்கும் வேனுக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் போதும், இரண்டும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளும் என்று நீ சொன்னபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து, "உங்கப்பன்கிட்டருந்து நீ புடிவாதத்த வாங்கினியே, அந்த மாதிரியா கண்ணு?" என்றாள். நீ, "அதேதாம்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அப்போது அது எனக்குள் இறங்கவில்லை.

நீ போனில் அழுததற்குப் பிறகுதான் இறங்கியது. இருபது வருடம் ஒரே மாதிரி வேலை செய்தவர்களை வேறு மாதிரி செய்யச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள், படம் போட்டுக் காட்டினாலும் கொட்டாவி விடுகிறார்கள் என்றாய். சரி, இதை நாமே செய்து பார்ப்போம் என்று தோன்றியது. எங்கள் எழுத்தறிவு வகுப்பில் பதினாலு பேர் இருக்கிறோம். ஒருவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. பாதிப் பேர் பெயரை எழுதவே இந்த வருடம்தான் கற்றுக்கொண்டோம். எங்களுக்குப் புரிந்தால் உன் என்ஜினியர்களுக்குப் புரியாதா? டீச்சரிடம் கேட்டேன். "ஒரு நாள் தரேன், செஞ்சு காட்டுங்க" என்றார்.

சுரங்கத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரிந்தது நிலக்கரி. அதையே எடுத்துக்கொண்டேன். ஸ்கூல் வராந்தாவில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தேன். ஓய்வு பெற்ற வாட்ச்மேன் ஒருவர் மண்ணைத் தோண்டும் மெஷின். அடுத்த நாலு பேர் கரியைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் அஞ்சலை, கரியைச் சேர்த்து வைக்கும் பங்கர். நான் பாய்லர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு, மூடி வைத்துக்கொள்ள வேண்டும். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். யாருக்கு என்ன வேண்டுமோ வாயால் கேட்க வேண்டும். சீட்டு வைத்திருப்பவர்தான் பார்த்துச் சொல்லலாம். அவ்வளவுதான் சட்டம்.

என்ன சொல்ல, அப்படி ஒரு கொண்டாட்டம்! டீச்சர் ஒரே ஒரு தடவை "நில்!" என்று சத்தம் போட்டார். வாட்ச்மேன் இரண்டு கையையும் உயரத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெல்ட்டாக இருந்தவர்கள் உடனே நிற்காமல் இரண்டு அடி மெதுவாக நகர்ந்து, பிறகு நின்றார்கள். அஞ்சலை நெஞ்சின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடினாள். ஒரே வார்த்தைதான். யார் எப்படி நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லவே இல்லை. அவரவர் நிற்கும் விதம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. நீ பொங்கலுக்குச் சொன்னது இதுதானே? "எல்லார்கிட்டயும் ஒரே கட்டளை, அதுஅது தன் வழியில செஞ்சுக்கும்" என்றாயே! எனக்கு அங்கேயே உனக்குப் போன் செய்ய வேண்டும் போல இருந்தது. உன்னைப் படிக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன் கவிதா, நீ என்ன படித்தாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து நான் பங்கரிடம் கேட்டேன். "அஞ்சலை, எவ்ளோ லோடு இருக்குது?" அவள் சீட்டைப் பிரித்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. 'முப்' வரை வந்து நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். வரிசை முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இப்படித் தடங்கலாகிறதே என்று எனக்கு அவசரம். சீட்டை எழுதியவனே நான்தானே? அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, "முப்பத்தாறு!" என்று கத்தினேன்.

அஞ்சலைக்கு வந்ததே கோபம். "யோவ், இன்னாத்துக்குப் புடுங்கற? நான் கூட்டிகினு இருக்கறன் இல்ல? என்னாண்ட கேட்டா நான் சொல்லப் போறன். நீயே எடுத்து நீயே படிச்சிக்கினா அப்புறம் நான் எதுக்குய்யா பங்கரு? போ, அந்தத் தூண நிக்க வச்சிக்க!"

"நேரம் ஆவுதும்மா, அதான்" என்றேன்.

"உனுக்கு நேரம் ஆவுது. எனுக்கு மானம் போவுது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வரிசை கலைந்துவிட்டது. சட்டம் போட்டவனே சட்டத்தை உடைத்துவிட்டான் என்று வாட்ச்மேன் தூக்கிய கையை இறக்காமலே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்கு நீ போனில் சொன்ன இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துவிட்டது.

சம்பந்தம் சார் எழுதிய பகுதியை, எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதியை, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நீயே புது முறையில் மாற்றி எழுதிவிட்டேன் என்றாய். "பாதி வரி எதுக்குன்னே தெரியல, தூக்கிட்டேன் அப்பா. இப்ப முன்னவிட வேகமா ஓடுது. காட்டினா அசந்துடுவாங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழமையிலேருந்து அவர் எங்கிட்ட பேசல. அவர் பேசலன்னு மத்தவங்களும் பேசல." நான் அதற்கும் 'உம்' தான் கொட்டினேன். இப்போது கேட்கிறேன். அவருடைய பகுதி அவருடைய கையில் இருந்த சீட்டு இல்லையா? அடுத்தவர் உள்ளே கை விடாதே, கேள் என்று பாடம் எடுக்கப் போனவள் நீ. அவரிடம் கேட்டாயா? உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த மாதிரி ஆசையில், நல்லது செய்கிறோம் என்ற அவசரத்தில், கையை நீட்டினால் என்ன ஆகும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் இனி எழுதப் போகிறேன். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன். இன்று மறுபடி எடுத்திருக்கிறேன்.

உனக்கு டோக்கன் மாமாவைத் தெரியும். வளையமாதேவி ஊர்க்காரன் கோவிந்தன். என்னோடு காண்ட்ராக்டில் சேர்ந்து, என்னோடு பெர்மனன்ட் ஆனவன். ஒரே ஷிப்ட், ஒரே பெல்ட். நாங்கள் பெல்ட்டுக்குள் இறங்கி வேலை செய்யும்போது ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன், அதில் அவனவன் நம்பர். உள்ளே போகும் முன் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் இருக்கும் கொக்கியில் அதை மாட்ட வேண்டும். கொக்கியில் ஒரு டோக்கன் தொங்கினாலும் பெல்ட்டை ஓட்டக் கூடாது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். பெரிய அதிகாரி வந்தாலும் எடுக்கக் கூடாது. படிக்கத் தெரியாத எனக்கே அந்தச் சட்டம் மனப்பாடம்.

அன்றைக்கு பெல்ட்டின் ரோலரை மாற்றிவிட்டு எல்லாரும் மேலே வந்துவிட்டோம். கரி போகவில்லை, சீக்கிரம் ஓட்டு என்று மேலேயிருந்து கூச்சல். கொக்கியில் கோவிந்தனின் டோக்கன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், டீ கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மறந்துவிட்டான், மேஸ்திரி பார்த்தால் திட்டு விழும் என்று நினைத்தேன். நண்பனுக்கு உதவி என்று நினைத்தேன். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவன் மறக்கவில்லை. உள்ளே விட்டுவந்த ஸ்பேனரை எடுக்க மறுபடி இறங்கியிருந்தான். கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்து, பெல்ட்டை ஓட்டச் சைரன் அடித்தார்கள். சத்தம் கேட்டதும் தாவியிருக்கிறான். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் போனது.

இதுவரை நடந்தது தவறு. இதற்கு மேல் நான் செய்தது தவறு இல்லை, பாவம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் அவன் தலை என் மடியில் இருந்தது. அவன் டோக்கனை அவன் சட்டைப் பையில் நானே போட்டுவிட்டேன். விசாரணையில் டோக்கன் அவன் பையில் இருந்தது என்று எழுதினார்கள். "நான் மாட்டினேன் சார்" என்று அவன் சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு புதிதாக வரும் ஆட்களுக்கெல்லாம், டோக்கன் மாட்டாமல் போனால் கோவிந்தன் கதிதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெயரே டோக்கன் கோவிந்தன் ஆகிவிட்டது. நீயும் குவார்ட்டர்ஸ் வாசலில் அவனைப் பார்த்தால் "டோக்கன் மாமா" என்று ஓடுவாய். அவன் மூன்று விரலால் உன் கன்னத்தைக் கிள்ளுவான். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அஞ்சலை திட்டிய அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளிடமும் சொன்னதில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "இப்பதான் எழுதத் தெரியுதே. எழுது" என்றாள். எழுதினேன். மூன்றே வரி. 'கோவிந்தா, அன்றைக்கு நீ டோக்கன் மாட்டினாய். அதை எடுத்தது நான். உன் பையில் போட்டதும் நான்.' இந்த மூன்று வரிக்கு ஒரு நாள் பிடித்தது. மறுநாள் பஸ் ஏறி வளையமாதேவி போனேன்.

கோவிந்தன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளைத் தூரமாக வைத்துப் பார்த்தான். "இது யார் எழுதனது?"

"நான்தாண்டா."

"பொய் சொல்லாத. உனுக்குக் கையெழுத்தே கோலம் போடற மாதிரி இல்ல போட வரும்?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே படித்தான். சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தான். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "தனம், இங்க வா. இதப் படி. சத்தமாப் படி."

அவன் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தாள். கோவிந்தன் அவளைப் பார்த்துத்தான் கேட்டான், என்னை இல்லை. "நான் மாட்டினேன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"நீ நம்புனியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். "இத்தினி வருசத்துல எனுக்கே சந்தேகம் வந்துடுச்சிடா, மாட்டலையோ என்னமோன்னு. தூக்கத்துல கைய நீட்டி நீட்டி மாட்டிப் பாப்பேன். படிக்கக் கத்துக்கினது இதுக்குத்தானா நீ?"

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "நாயித்துக்கெழம வா. புள்ளைங்க வருதுங்க. அவங்க முன்னாடி நீ படி. நான் படிக்க மாட்டேன், இவளும் படிக்க மாட்டா. உன் வாயால நீதான் படிக்கணும்" என்றான். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தேன். ஆனாலும் கவிதா, நெஞ்சுக்குள் காற்று நன்றாகப் போய் வந்தது. எத்தனை வருடமாகப் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் விஷயத்தில் யாருக்கும் விரல் போகவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது. திங்கட்கிழமை ராஜினாமா லெட்டரை எடுக்காதே. முதலில் நீ மாற்றியதை எடுத்துவிட்டு அவருடையதைப் பழையபடி வை. அதை எல்லாருக்கும் முன்னால் செய், தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுச் செய்யாதே. அவர் பேச்சு நின்றது எல்லாருக்கும் முன்னால்தானே? பிறகு அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேள். எதற்கென்று தெரியாமல் நீ தூக்கிய அந்தப் பாதி வரிகள் எதற்கு சார் என்று கேள். மழைக்காலத்தில் எந்தச் சாலை மூழ்கும், எந்த ஊர் கோடவுன் எத்தனை மணிக்கு மூடும் என்று பதினெட்டு வருடம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது அதற்குள் இருக்கும். அவர் எழுத்துக் கூட்டிச் சொல்வது மெதுவாகத்தான் இருக்கும். பிடுங்காதே.

அவர் சொல்லி முடித்தபின், உன் டீமில் இருக்கும் ஒன்பது பேரையும் எழுப்பி வரிசையாக நிற்க வை. ஒருவர் பார்சல், ஒருவர் லாரி, ஒருவர் கோடவுன். கையில் சீட்டைக் கொடு. போகிற வழியை முடிவு செய்யும் ஆளாகச் சம்பந்தம் சாரை நிறுத்து. அந்தச் சீட்டை மட்டும் நீ எழுதாதே, அவரே எழுதட்டும். படம் போட்டுக் காட்டுவதைவிட இது நன்றாகப் புரியும், எங்கள் வராந்தாவில் நானே பார்த்தேன். அஞ்சலைகூட மறுநாள் வந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெரிய மனசு பண்ணி மறுபடி பங்கராக நின்றாள். 'முப்பத்தாறு' என்று அவளே படித்து முடித்தபோது வாட்ச்மேன் கை தட்டினார், நான் விசில் அடித்தேன், டீச்சர் என்னை வெளியே நிற்கச் சொன்னார்!

ஞாயிற்றுக்கிழமைக்கு என் மூன்று வரியைத் திணறாமல் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வரி வந்ததும் தாளை மடித்துவிடுகிறேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்து, "நிறுத்தாத, படி" என்று விரட்டுகிறாள். கோவிந்தனின் பிள்ளைகள் என்னைச் சும்மா விடுவார்களோ மாட்டார்களோ, என்ன நடந்தது என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன், நல்லதோ கெட்டதோ ஒன்றும் விடாமல். சம்பந்தம் சார் என்ன சொன்னார் என்று நீயும் எழுது. போனில் சொல்லிவிடாதே. இனி எனக்கு வரும் கடிதத்தை நானே பிரித்து நானே படிப்பேன்.

உன் அப்பா